கடைசி ஆளோட பின் சக்கரம்

தம்பி பொண்டாட்டியை சைக்கிள் மைதானத்துக்குக் கூட்டிட்டு வந்ததுதான் தன் வாழ்க்கையிலேயே பெரிய முட்டாள்தனம்னு பெரியவ அன்னிக்குக் காலையில பல் விளக்கும்போதே முடிவு பண்ணிட்டா. அதுக்கு அடுத்த முட்டாள்தனம், புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் தன் வீட்டு மாடி ரூம்ல குடி வெச்சது. ரெண்டுமே இரக்கப்பட்டு செஞ்சது. இரக்கப்பட்டவளுக்கு எரிச்சல்தான் மிச்சம்.

பெரியவளுக்கு வேலை டிரைவிங் ஸ்கூல்ல. வாரம் முழுக்க பக்கத்து சீட்ல உக்காந்துக்கிட்டு "பிரேக்கைப் பிடி, பிரேக்கைப் பிடி"ன்னு அடுத்தவங்க காதுல கத்துவா. ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா பிரேக்கே இல்லாத சைக்கிள்ல ஏறுவா. மைதானத்துல ஓட்டுற ரேஸ் சைக்கிள்னா அப்படித்தான். பிரேக் கிடையாது, கியர் மாத்துற வசதி கிடையாது. பின் சக்கரம் சுத்துற வரைக்கும் பெடலும் சுத்திக்கிட்டே இருக்கும், காலை ஒரு நொடி சும்மா வைக்க முடியாது. தம்பி பொண்டாட்டி சின்னவ வந்த முதல் நாள் இது தெரியாம, திருப்பத்துல காலை நிறுத்தப் பார்த்தா. சைக்கிள் குதிரை மாதிரி அவளைத் தூக்கிப் போட்டுடுச்சு. பெரியவ அதை சொல்லிச் சொல்லி ஒரு மாசம் சிரிச்சா. விருந்தாளி வந்தா அவங்ககிட்டயும் நடிச்சே காட்டுவா.

இப்ப சிரிப்பு நின்னு போச்சு. சின்னவ துணிக்கடை குடோன்ல வேலை பார்க்கிறா. நாள் பூரா ஏணியில ஏறி இறங்கி ஏறி இறங்கி, தொடை ரெண்டும் தேக்குக் கட்டை. வளர்த்த கடா மார்ல பாய்ஞ்சாப்ல, ஒரே வருஷத்துல கத்துக் கொடுத்தவளையே முந்த ஆரம்பிச்சுட்டா.

முந்தினாக்கூட பரவாயில்ல. விஷயம் என்னன்னா, வெளியூர் போட்டிக்குப் போற கிளப் அணியில ஒரே ஒரு இடம்தான் பாக்கி. பெரியவ வருஷா வருஷம் ரிசர்வ். கூடப் போவா, பை தூக்குவா, கை தட்டுவா, திரும்பி வருவா. இந்த சீசன் முடிஞ்சா அவ வயசுக்கு மூத்தவங்க பிரிவுக்குத் தள்ளிடுவாங்க, அப்புறம் அணியாவது ஒண்ணாவது. இன்னிக்கு நடக்கிற எலிமினேஷன் ரேஸ்ல இவங்க ரெண்டு பேர்ல யாரு கடைசி வரைக்கும் தாங்குறாங்களோ அவங்களுக்குத்தான் அந்த இடம்னு கிளப்ல சொல்லிட்டாங்க.

கார்ல போகும்போது தம்பிக்கு வாய் சும்மா இருக்கல. "யார் ஜெயிச்சாலும் நம்ம வீட்டுக்குத்தானே வருது."

"எந்த நம்ம வீடு? அது என் வீடு"ன்னா பெரியவ.

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேங்க்கா."

"பேச்சை விட்டுட்டு ரோட்டைப் பாரு. இண்டிகேட்டர் போடாம திரும்புறே."

பின் சீட்ல சின்னவ வெளிய பார்த்துட்டு வந்தா. அவ பேசாம இருக்கிறதுதான் பெரியவளுக்கு ஆகாது. திட்டினா திருப்பித் திட்டணும், அதுதானே மரியாதை.

மைதானத்து வாசல்ல சைக்கிளை சோதிக்கிறதுக்குன்னு ஒருத்தர் நிப்பார். கழுத்துல கயிறு கட்டி ஸ்பேனரைத் தொங்க விட்டிருப்பார், அதனால அவர் பேரே ஸ்பேனர். ஹேண்டில்பாரைப் பிடிச்சு ஆட்டுவார். டயர் ஓரத்தைக் கட்டை விரலால தள்ளி, பசை நல்லா ஒட்டியிருக்கான்னு பார்ப்பார். சக்கர நட்டை முறுக்கிப் பார்ப்பார். தண்ணி பாட்டில், கேமரா, தூரம் காட்டுற மீட்டர், கழண்டு கீழ விழக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. ஓடுற சக்கரத்துக்கு முன்னாடி ஒரு சின்ன பொருள் விழுந்தாலும் பத்து பேர் உருளுவாங்க.

சின்னவ சைக்கிளோட வலது பக்கத்தை அவர் தடவிக்கிட்டு இருக்கும்போதே பெரியவ குரல் கொடுத்தா. "சார், இடது கைப்பிடி முனையில மூடி இல்லையே. விடுவீங்களா இதை?"

ஹேண்டில்பார் முனையில ஓட்டை திறந்திருந்தா ரேஸ்ல விடவே மாட்டாங்க. விழுந்தா அந்தப் பைப் உடம்புல வட்டமா வெட்டி எடுத்துடும்.

ஸ்பேனர் நிமிர்ந்து பார்த்தார். "நான் இன்னும் இடது பக்கமே வரலையேம்மா. நீங்க எப்பப் பார்த்தீங்க?"

சின்னவ மெதுவாத் திரும்பினா. "வீட்லயே பார்த்துட்டீங்களா, அண்ணி?"

"ஏன், உன் சைக்கிளுக்கு நான் என்ன காவல்காரியா?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லி சொல்லித்தான் இந்த நிலைமைக்கு வந்து நிக்கிறேன்."

உண்மையில முந்தா நாளே பார்த்துட்டா. மாடிப்படிக்குக் கீழ சைக்கிள் சாஞ்சிருந்தப்ப, அந்த ஓட்டை அவளைப் பார்த்துக் கண்ணடிச்ச மாதிரி இருந்துச்சு. வாசல்ல மாட்டட்டும்னு வாயை மூடிக்கிட்டா.

ஆனா சின்னவ அழுதுட்டு வீட்டுக்குப் போற ரகமா? கேன்டீனுக்கு ஓடி வினிகர் பாட்டில் தக்கையைக் கேட்டு வாங்கி, கத்தியால சீவி, அடிச்சு இறக்கிட்டு வந்து நின்னா. ஸ்பேனர் அதைப் பிடுங்கிப் பார்த்தார், வரல. "போ உள்ள"ன்னுட்டார்.

உள்ள போனவ பயிற்சி ரவுண்டுல பறந்தா. மைதானம் பெரிய கிண்ணம் மாதிரி இருக்கும், ரெண்டு பக்கமும் சரிவு. அந்தச் சரிவுல மேல ஏறி அங்கிருந்து அவ சரிஞ்சு இறங்கின வேகத்தைப் பார்த்ததும் இவளைப் பிடிக்கத் தன் வேகம் பத்தாதுன்னு பெரியவளுக்குத் தெரிஞ்சு போச்சு. அங்கேயே சைக்கிளைக் கவுத்துப் போட்டா. பின் சக்கரத்துல இருந்த பல்சக்கரத்தைக் கழட்டிட்டு அதைவிடச் சின்னதை மாட்டினா. பல் குறைஞ்சா பெடல் ஒரு சுத்துக்குப் போற தூரம் கூடும். காலுக்குக் கனம்தான், ஆனா கிளம்பிட்டா ராக்கெட்டு. அதோட, இன்னிக்குன்னே எடுத்து வெச்சிருந்த புது செயினையும் மாட்டினா.

மாட்டின பிறகு பார்த்தா செயின் தொளதொளன்னு தொங்குது. முறைப்படி ஒரு கண்ணியை எடுத்துடணும். மைக்ல கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க, நேரமில்ல. சக்கரம் உக்கார்ற காடியில முன்ன பின்ன நகர்த்த இடம் இருக்கும். சக்கரத்தைக் காடியோட கடைசி வரைக்கும் பின்னால இழுத்து முறுக்கிட்டா. செயின் கம்பி மாதிரி நின்னுச்சு.

எதையாவது மாத்தினா திரும்பவும் ஸ்பேனர்கிட்ட காட்டணும். அவர் குனிஞ்சு பார்த்துட்டு, "சக்கரம் கடைசியில போய் நிக்குதேம்மா. ஒரு கண்ணி எடுத்துடலாமே, ரெண்டு நிமிஷ வேலை"ன்னார்.

"ரூல்ல தப்பா?"

"ரூல்ல தப்பில்ல. நட்டு இறுகித்தான் இருக்கு. ஆனா இது எலிமினேஷன்..."

"தப்பில்லைன்னா நகருங்க சார். என் சைக்கிள் எனக்குத் தெரியும்."

அவர் நகர்ந்துட்டார்.

எலிமினேஷன்னா என்னன்னா, முதல்ல வர்றவங்களை யாரும் பார்க்க மாட்டாங்க. ரெண்டு ரவுண்டுக்கு ஒரு தடவை மணி அடிக்கும். மணி அடிச்ச ரவுண்டு முடிஞ்சு கோட்டைத் தாண்டும்போது யாரு கடைசியோ அவங்க நம்பரைக் கூப்பிடுவாங்க. கூப்பிட்ட ஆள் உடனே வெளிய போயிடணும். இப்படியே ஒவ்வொருத்தரா கழிச்சுக் கட்டுவாங்க.

விசில் ஊதினதும் பெரியவ முதல் வேலையா சின்னவளைத் தேடினா. சின்னவ கீழே, உள் ஓரத்துல கறுப்புக் கோட்டை ஒட்டிப் போய்க்கிட்டு இருந்தா. பெரியவ அவளுக்கு வெளிப்பக்கமா தோளோட தோள் வந்து ஒட்டிக்கிட்டா. முன்னாடி ஒருத்தி, பக்கத்துல பெரியவ, உள்பக்கம் நீலப் பட்டை. அந்தப் பட்டையில இறங்கி முந்தினா ரேஸை விட்டே தூக்கிடுவாங்க. பெட்டிக்குள்ள போட்டு மூடின மாதிரி ஆயிடுச்சு சின்னவளுக்கு.

"வழி விடுங்க அண்ணி!"

"எடுத்துக்கோ, முடிஞ்சா!"

"மேல இடிக்கிறீங்க!"

"இடிச்சா நடுவர்கிட்டப் போய் அழு!"

இடிக்கல. முழங்கை படாம, ஒரு நூல் இடைவெளி விட்டுத்தான் நெருக்கினா. ரூல் எங்க முடியுதுன்னு டிரைவிங் ஸ்கூல்காரிக்கா தெரியாது? மணி அடிச்சுது, ஒருத்தி போனா. மறுபடி அடிச்சுது, இன்னொருத்தி. ரெண்டு தடவையும் சின்னவ மயிரிழையில தப்பிச்சா. மேல கம்பி வேலியைப் பிடிச்சுக்கிட்டு தம்பி யாரு பேரைக் கத்துறதுன்னு தெரியாம, "போங்க போங்க"ன்னு பொதுவா கத்திட்டு இருந்தான்.

அப்புறம் சின்னவ ஒரு காரியம் பண்ணினா. பிரேக் இல்லாத சைக்கிள்ல பெடலைப் பின்னால அழுத்தித்தான் வேகத்தைக் குறைக்கணும். அவ அப்படி அழுத்தி, பெட்டியை விட்டுப் பின்பக்கமாவே நழுவினா. பெரியவ திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள அவ வெளிப்பக்கமா சரிவு மேல ஏறிட்டா. நாலு பேர்தான் பாக்கி. முன்னாடி ரெண்டு பேர் விலகிப் போய்க்கிட்டு இருந்தாங்க. பின்னாடி இவங்க ரெண்டு பேர். மணி அடிச்சுது.

சின்னவ மேலிருந்து பருந்து மாதிரி இறங்கினா. பெரியவ அந்தக் கனமான பல்லை மிதிச்சா, தொடை கிழியுற மாதிரி மிதிச்சா. நுரையீரல்ல ஈரத்துணியை அடைச்ச மாதிரி இருந்துச்சு. கோட்டுக்கிட்ட பக்கத்துல பார்த்தா, தன் முன் சக்கரம்தான் முன்னாடி. சந்தேகமே இல்ல. அரை விரல் அளவாவது முன்னாடி. கடவுளேன்னு மூச்சு விட்டா.

மைக்ல நம்பர் வந்துச்சு. "பதினேழு, வெளியேறவும்."

பதினேழு அவதான்.

அவ வெளியேறல. காது கேக்காத மாதிரி இன்னொரு ரவுண்டு போனா. நடுவர் அம்மா விசில் ஊதினாங்க. "பதினேழு, இப்ப வெளிய வரலைன்னா இதுவரைக்கும் ஓட்டினதும் செல்லாது!" மேல உக்காந்திருந்தவங்க ஊளையிட்டாங்க. அதுக்கப்புறம்தான் வெளிய வந்தா. இறங்கின கையோட ஹெல்மெட்டைக்கூடக் கழட்டாம நடுவர் மேஜைக்கு நேரே போனா.

"யாரு முன்னாடி வந்தது? கேமராவைப் போடுங்க!"

கோட்டுக்கு நேரா வெச்சிருந்த கேமராவுல நடுவர் அம்மா படத்தை நிறுத்திக் காட்டினாங்க.

"பாருங்க! என் முன் சக்கரம்! நான்தான் முன்னாடி!"

"ஆமாம்மா, நீதான் முன்னாடி."

"அப்புறம் எதுக்கு என்னைக் கூப்பிட்டீங்க? முன்னாடி வந்தவ தோத்தவளா?"

"எலிமினேஷன்ல முன் சக்கரத்துக்கு ஏது கணக்கு? கடைசியா கோட்டைத் தாண்டுறது யாரோட பின் சக்கரம்னுதானே பார்க்கிறோம். எத்தனை வருஷமா ஓட்டுறே, தெரியாதா?"

அவங்க படத்தை நகர்த்தினாங்க. சின்னவளோட பின் சக்கரம் கோட்டைத் தாண்டியாச்சு. இவளோடது இன்னும் கோட்டு மேல, ஒரு விரற்கடை பின்னால. பெரியவ தன் சைக்கிளைத் திரும்பிப் பார்த்தா. காடியோட கடைசியில, வாலை நீட்டிக்கிட்டு உக்காந்திருந்துச்சு அந்தச் சக்கரம். தெரியாதா? தெரியும். புதுசா வர்றவங்களுக்கு இதே ரூலை அவதான் சொல்லிக் கொடுப்பா. அன்னிக்கு அவ கண்ணுக்கு சின்னவளோட கைப்பிடி ஓட்டையைத் தவிர வேற எதுவும் தெரியல, அவ்வளவுதான்.

"கேமரா கோணலா இருக்கு"ன்னு சொன்னா.

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்"னு பின்னாடி யாரோ சொன்னாங்க. யாருன்னு திரும்பிப் பார்க்க அவளுக்குத் தெம்பு இல்ல.

சின்னவ அடுத்த மணியிலயே வெளிய வந்தா, மூணாவது இடம். அது போதும். கிளப் செயலாளர் கையில பேனாவோட வந்தார். "இடம் உனக்கு. நின்ன இடத்துலேருந்து கிளம்புற ரேஸ்லயும் நீ ஓட்டணும். அதுக்குப் பின்னாடி நின்னு சீட்டைப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும். ரிசர்வ்ல வழக்கம்போல உங்க அண்ணி பேரையே போட்டுடவா? வீட்டு ஆளு, நம்பிக்கையா பிடிப்பாங்க."

எல்லாரும் பெரியவளைப் பார்த்தாங்க. வேண்டாம்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லணும்னு பெரியவ வாயைத் திறந்தா. சொல்ல வார்த்தையெல்லாம் தயாரா இருந்துச்சு.

"அவங்க வேண்டாம் சார்"ன்னா சின்னவ.

"ஏம்மா?"

"என் சைக்கிள்ல ஓட்டை இருக்கிறதைப் பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டவங்க. முதுகுக்குப் பின்னாடி அவங்களை நிக்க வெக்க எனக்கு பயமா இருக்கு." குரலை உயர்த்தல, டீ வேணுமான்னு கேக்கிற மாதிரிதான் சொன்னா. "நாங்க இந்த மாசக் கடைசியில வேற ரூம் பார்த்துட்டுப் போயிடுறோம், அண்ணி."

"ஏய், என்ன பேசுறே"ன்னான் தம்பி.

"நீங்க சும்மா இருங்க."

பெரியவ ஓரமாப் போய் தரையில உக்காந்து சைக்கிளைக் கவுத்துப் போட்டா. நட்டைத் தளர்த்தினா. இந்த செயின்ல ஒரு கண்ணியை எடுக்காம இந்த இடத்தை விட்டு நகர்றதில்லைன்னு ஒரு வெறி. பையைக் கொட்டித் தேடினா, கண்ணி கழட்டுற சாமானைக் காணல. வீட்லயே விட்டுட்டு வந்திருக்கா.

கண்ணு முன்னாடி ஒரு கை நீண்டுச்சு. சின்னவளோட கை, அதுல சின்னவளோட சாமான்.

பெரியவ நிமிரல. "கீழ வை."

சின்னவ ஒரு நொடி நின்னா. அப்புறம் அதைத் தரையில வெச்சுட்டு, தன் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு கார் பக்கம் நடந்தா.

பெரியவ அதைத் தொடல. மடியில செயினைப் போட்டுக்கிட்டு, மசகு ஒட்டின கையோட, கண்ணியை எடுத்துத் தர ஸ்பேனர் எப்ப வருவார்னு வாசலையே பார்த்துட்டு உக்காந்திருந்தா. வெளிய தம்பி ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தான்.