சாவு வண்டிக் கழுதை

நியூ ஆர்லியன்ஸில் ஒனெசிம் பாரோ சுவர்ப் பூச்சு வேலையை உதறிவிட்டு, கார்னெட் குழலும் கையுமாக ஜாஸ் கோஷ்டி கட்டிப் பேர் வாங்கியதில் பாதிப் பெருமை ஒரு கோவேறு கழுதையைச் சேரும். அவரே இதை ஒப்புக்கொண்டார், கழுதை செத்த பிறகு.

முதல் கோடையில் அவர் ஏற்பாடு செய்த நடனத்துக்கு ஏழு பேர் வந்தார்கள். அதில் நால்வர் மழைக்கு ஒதுங்கியவர்கள். மனைவி குளோதில்த் அவருடைய பழைய பூச்சுக் கரண்டியைத் துடைத்து அடுப்படி ஆணியில் மாட்டினாள்.

"வர்ற திங்கக்கிழமை ஆட்டத்துக்கும் கூட்டம் வரலைன்னா, செவ்வாய்க்கிழமை காலையில இதை எடுத்துக்கிட்டு வேலைக்குக் கிளம்புங்க."

ஞாயிறு பிற்பகல் வண்டியேறித் தெருத்தெருவாக வாசித்து ஆள் சேர்ப்பது ஊர் வழக்கம். வண்டி கிடைத்தது. இழுக்கக் கிடைத்தது, சவ அடக்கக்காரர் லபோர்த்தின் கழுதை சொலாஞ்ச்.

"தங்கமான பிள்ளை. பதினோரு வருஷமா சாவு வண்டி இழுக்குது," என்றார் லபோர்த். "இடுகாட்டுக்குப் போறப்ப மெதுவாவும் திரும்புறப்ப துள்ளலாவும் ஊதுறதுதானே இங்க வழக்கம். மெதுவா ஊதினா சொன்னபடி கேக்கும். துள்ளல் பாட்டு கேட்டுதோ, அடக்கம் முடிஞ்சுதுன்னு நேரா என் லாயத்துக்கு வந்துடும். ஆறு குறுக்கே வந்தாலும் நிக்காது."

ஆகவே ஒனெசிம் கோஷ்டி மெதுவாகவே ஊதிக்கொண்டு போயிற்று. ஒரு நாற்சந்தியில், கஸ்பார் என்பவரின் போட்டிக் கோஷ்டி எதிர்ப்பட்டது. இரண்டு வண்டிகள் சந்தித்தால் சக்கரத்தோடு சக்கரம் கட்டிப் போட்டியிட வைப்பார்கள். ஜெயித்தவனுடைய நடனத்துக்குத்தான் ஊர் போகும். துறைமுகத்து ஆட்கள் கப்பல் கயிற்றால் கட்டினார்கள்.

கஸ்பார் ஊதியதில் கொடியில் காய்ந்த சட்டைகள்கூடக் கை வீசி ஆடின. ஒனெசிம் பதிலுக்கு மெதுவாக ஒரு வால்ட்ஸ் வாசித்தார்.

"யாருப்பா செத்தது?" என்றாள் மீன்காரி.

"அவரோட நாளை ஆட்டந்தான், அக்கா," என்றான் பக்கத்திலிருந்தவன்.

வண்டியின் பின்பலகையில் கால் தொங்கப்போட்டு டிராம்போன் ஊதிய ஸெனோன் திரும்பினான். "அண்ணே, இப்ப கழுதையைப் பார்த்தீங்கன்னா, நாளான்னிக்கு சுவரைப் பார்க்கணும்."

ஒனெசிம் காலால் நான்கு தட்டுத் தட்டித் துள்ளலாக ஊதினார். சந்தியே குதித்தது. சொலாஞ்சும் காதை நிமிர்த்தியது. வண்டியைத் திருப்பி லாயத்தைப் பார்த்து நடந்தது. கயிறு அறுபடவில்லை. கஸ்பாரின் இரண்டு கழுதைகளும் பதினெட்டுத் தெரு பின்பக்கமாகவே நடந்தன. பிறகு அவற்றுக்கு முன்பக்கமாக நடப்பதில் ஆர்வமே இல்லாமல் போயிற்று.

"டேய், தோத்துட்டு ஓடுறியா?" என்று கத்தினார் கஸ்பார்.

"எங்கடா ஓடுறேன்? நீயும்தானே கூட வர்றே. நிறுத்தாம ஊது."

அடக்கம் முடிந்து திரும்புவது போல ஊர்சனம் குடை விரித்து ஆடிக்கொண்டே பின்னால் வந்தது. லாயத்து வாசலில் சொலாஞ்ச் நின்றது. ஒனெசிம் நிமிர்ந்து பார்த்தார். எதிரே இருந்தது அவர் வாடகைக்குப் பிடித்திருந்த நடனக்கூடம். வாடகை குறைவாக இருந்ததே லாயத்து வாசனையால்தான்.

அவர் தொப்பியைக் கழற்றினார். "நாளைக்கு ஆட்டம் இங்கதான். உங்களுக்கு வழி காட்டத்தான் கூட்டிட்டு வந்தேன்."

உண்மை தெரிந்த லபோர்த் கழுதைக்குத் தண்ணீர் வைக்கப் போனார்.

திங்களன்று ஜன்னல் வழியாகவும் ஆட்கள் ஏறி வந்தார்கள். சக்கரம் தேய்ந்து வீடு திரும்ப முடியாத கஸ்பார் இரண்டாம் கார்னெட் வாசித்தார்.

செவ்வாயன்று ஒனெசிம் மத்தியானம் எழுந்தார். ஆணியில் கரண்டி இல்லை. அதைக் கொண்டு குளோதில்த் சட்டியில் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"உட்காருங்க," என்றாள். "அடுத்த ஞாயித்துக்கிழமை ஊர்ல யாரும் சாகலைன்னா, அந்தக் கழுதை சும்மாதானே இருக்கும்?"