டாக்டர் ஹாலாஸ்யத்தின் பல்செட்

திருப்பரங்குன்றத்தில் பல் டாக்டர் ஹாலாஸ்யம் விடிகாலையில் தூக்கத்திலேயே கண்ணை மூடிவிட்டார். எண்பதைத் தாண்டியவர், கல்யாணச் சாவு என்று வந்தவர்கள் சொன்னார்கள். அவர் மனைவி வாலாம்பாளுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. கூடத்தில் கிடத்தியிருந்த மனுஷர் அவள் அகத்துக்காரர் மாதிரியே இல்லை. கன்னம் இரண்டும் உள்ளே போய், உதடு மடிந்து, யாரோ முன்பின் தெரியாத கிழவராக இருந்தார். பல்செட் வாயில் இல்லை.

வேறு வீடாக இருந்தால் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் டாக்டர் இதற்காகவே ஊர் ஊராக அலைந்தவர். தன்னிடம் பல்செட் கட்டிக்கொண்டவர் யார் செத்தாலும், சேதி வந்த கையோடு கேத வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். தாடை விறைப்பதற்குள் பல்லை மாட்டி, முகத்தைப் பழைய முகமாக்கிவிட்டுத்தான் திரும்புவார். கிளினிக்கை மூடி ஓய்வெடுத்த பிறகும் இதை மட்டும் விடவில்லை. மேலூர்ப் பக்கத்துக் காலனியா, சோழவந்தான் கொடிக்கால்காரர் வீடா, அவருக்கு எல்லாம் ஒன்றுதான். அந்தக் கொடிக்கால்காரர்களை உயிரோடு இருக்கும்போது வெற்றிலைக் கறைக்காகக் கிழி கிழியென்று கிழிப்பார். செத்துவிட்டாலோ முதல் ஆளாகப் போய் நிற்பார்.

போய்விட்டு வந்து, கொல்லைக் குழாயடியில் தலைமுழுகி ஈரத்தோடு நிற்பவரைப் பார்த்து வாலாம்பாள் கேட்பாள்: "ஜீவன் போனப்புறம் பல்லு என்னத்துக்குன்னா? எமலோகத்துல முறுக்கா தரப்போறா?"

"அது அவருக்கு இல்லடி, பார்க்க வர்றவாளுக்கு. கடைசியாப் பார்த்த முகம்தான் மனசுல நிக்கும்," என்பார் அவர், தலையைத் துவட்டிக்கொண்டே.

இன்றைக்குத்தான் அவளுக்கு அது உறைத்தது. திருச்சியிலிருந்து பிள்ளை ஸ்ரீராம்குமார் காரில் வந்துகொண்டிருந்தான். இந்த முகத்தையா அவன் கடைசியாகப் பார்க்க வேண்டும்?

ராத்திரி பல்லைக் கழற்றி, கட்டிலுக்குப் பக்கத்தில் எவர்சில்வர் டம்ளர்த் தண்ணீரில் போட்டு வைப்பது டாக்டரின் வழக்கம். மூடி போட்ட டப்பா வாங்கு என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்வார், தனக்கு மட்டும் டம்ளர். இப்போது அந்த டம்ளரைக் காணோம். தலையணைக்கு அடியில், பாத்ரூமில், பூஜை அலமாரியில்கூடத் தேடியாயிற்று. கடைசியில் அடுக்களையில் அது கவிழ்ந்திருப்பதை வாலாம்பாள் பார்த்தாள்.

"லக்ஷ்மி, இதுல இருந்த ஜலம் எங்கே?"

டாக்டரின் தங்கை ஸ்ரீலக்ஷ்மி ஆசாரத்தில் புலி. உயிர் போன வீட்டில் பிடித்து வைத்த தண்ணீர் ஆகாது என்று, அழுத அழுகையோடு குடம், வாளி, சொம்பு ஒன்று விடாமல் தூக்கிப்போய்க் கொட்டியிருந்தாள். கண்ணை மறைத்த கண்ணீரில் எந்தப் பாத்திரத்துக்குள் என்ன இருந்தது என்று அவள் எங்கே பார்த்தாள்?

"எல்லாத்தையும் வாழையடியில கொட்டிட்டேனே மன்னி," என்றவள், டம்ளரைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து மேலூரிலிருந்து பாண்டிராஜ் மாலையோடு வந்து சேர்ந்தார். பள்ளிக்கூட வாத்தியார். கூலி வேலை பார்த்த அவருடைய அப்பா கருப்புக்குப் பல் கட்டியதும், செத்த அன்று வந்து மாட்டிவிட்டதும் டாக்டர்தான். விஷயத்தைக் கேட்டதும் மாலையை நாற்காலியில் வைத்துவிட்டு, வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லைச் சேற்றில் மண்டியிட்டார். ஜன்மத்தில் சேறு மிதிக்காத ஸ்ரீலக்ஷ்மியும் பக்கத்தில் உட்கார்ந்து துழாவினாள். மேல்செட் வாழைக்கன்றின் காலடியிலேயே கிடைத்தது. கீழ்செட் தண்ணீரோடு போய்க் கல் இடுக்கில் சிக்கியிருந்தது. அதை ஸ்ரீலக்ஷ்மிதான் எடுத்தாள், எடுத்த கையோடு ஓவென்று அழுதாள்.

வெந்நீரில் கழுவியாயிற்று. மாட்டுவது யார்? டாக்டரின் ஜூனியர் சாய்ராம் சென்னையிலிருந்து இப்போதுதான் கிளம்பியிருந்தான். அவன் வருவதற்குள் தாடை கல்லாகிவிடும்.

"நீங்களே போட்டுடுங்கோ," என்றாள் வாலாம்பாள்.

"நான் பக்கத்துல நின்னு பாத்ததோட சரிம்மா. நீங்க போடுங்க, நான் தாடையத் தாங்கிக்கிறேன்," என்றார் பாண்டிராஜ். "எங்கய்யா செத்தன்னைக்கு வெந்நீத் துணிய ஒத்தி ஒத்தி எடுத்தாரு. அம்புட்டுப் பொறுமை. அப்புறம் செத்த மனுசன்கிட்டப் பேசுனாரும்மா. 'கருப்பண்ணே, கொஞ்சம் வாயத் திறங்க, வலிக்காது'ன்னாரு. காலனிக்கு வெளிய எங்கய்யாவ அண்ணேன்னு ஒருத்தர் கூப்பிட்டு அன்னைக்குத்தாம்மா கேட்டோம்."

இதை டாக்டர் வீட்டில் சொன்னதே இல்லை. வாலாம்பாளுக்கு அழுகைக்கு நடுவே பெருமை பொங்கியது. எப்பேர்ப்பட்ட மனுஷரோடு வாழ்ந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

தாடையைச் சேர்த்துத் தலையோடு கட்டியிருந்த துணியை அவிழ்த்தார்கள். அவள் வெந்நீரில் நனைத்த துணியை ஒற்றி ஒற்றி எடுத்தாள். தாடை அசைந்து கொடுக்கவில்லை. மறுபடி ஒற்றினாள். வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

வாலாம்பாள் குனிந்து அவர் காதோரம் வாயை வைத்தாள்.

"ஏன்னா, கொஞ்சம் வாயைத் திறங்கோ. வலிக்காது."

பாண்டிராஜின் உள்ளங்கையில் தாடை மெல்ல இறங்கியது.

ஸ்ரீராம்குமார் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்தான். கூடத்தில் அவனுடைய அப்பா படுத்திருந்தார்.