நாற்பத்திரண்டு அடி

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு ஊரின் ஆறு நாற்பத்திரண்டு அடி நகர்ந்து அக்கரைப் பக்கமாகப் போயிற்று. வெள்ளம் கிடையாது, நில அதிர்ச்சி கிடையாது. ஒருவர் காபி குடித்து டம்ளரைக் கீழே வைக்கிற நேரம்தான் ஆயிற்று. இக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள், தண்ணீர் காலை விட்டு விலகுவதைப் பார்த்து வாளியைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னாலேயே நடந்துபோய், விட்ட இடத்திலிருந்து துவைத்தார்கள். சேற்றில் கிடந்த மீன்களை ஆளுக்கு இரண்டாகப் பொறுக்கிக்கொண்டார்கள். உயிர்ச்சேதம் இல்லை. அக்கரையில் தண்ணீரை ஒட்டித் தனியாக நின்ற ஒரே ஒரு வீடு மட்டும் கூரை வரை ஆற்றுக்குள் போனது. அது சர்வேயருடைய அக்கா வீடு. ஆற்றை நகர்த்தியவர் சர்வேயர்.

அவர் வேண்டுமென்று செய்யவில்லை. ஊர் வளர்ந்துகொண்டே வருகிறது, ஆற்றங்கரை வரை ஒரு வரைபடம் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. அளவை அலுவலகத்தின் முற்றத்தில் நூறு அடி இடைவெளியில் இரண்டு பித்தளை ஆணிகள் பதித்திருக்கும். காலையில் வேலைக்குப் புறப்படும் முன் சங்கிலியை அந்த ஆணிகளுக்கு நடுவே நீட்டிச் சரிபார்க்க வேண்டும். சர்வேயர் வேலையில் முதல் பாடம் அதுதான். அளக்கப் போன அன்று, ஓய்வு பெறுகிற பெரிய அதிகாரியுடன் அலுவலகமே சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டது. ஓர் ஆணியின் மேல் நாற்காலி, நாற்காலியின் மேல் அதிகாரி. கொஞ்சம் எழுந்திருங்கள் என்று சொல்ல இருபத்தாறு வயதில் யாருக்குத் துணிச்சல் வரும்? சர்வேயரும் ஓரமாக நின்று சிரித்துவிட்டு, சங்கிலியைச் சரிபார்க்காமல் எடுத்துக்கொண்டு கிளம்பினார். முந்தின நாள் அதில் ஓரடி நீளக் கண்ணி ஒன்று அறுந்து, சங்கிலி பிடிக்கிற ஆள் பக்கத்துக் கண்ணிகள் இரண்டையும் ஒன்றோடொன்று மாட்டி வைத்திருந்தது அவருக்கு நினைவில் இல்லை. சங்கிலி ஓர் அடி குறைந்திருந்தது. அலுவலகத்து வாசல் கல்லிலிருந்து ஆற்றங்கரை வரை நாற்பத்திரண்டு முறை சங்கிலியை நீட்டி, ஒவ்வொன்றையும் நூறு அடி என்றே எழுதினார். ஆகவே காகிதத்தில் ஆறு நாற்பத்திரண்டு அடி தள்ளி ஓடியது. மை காய்ந்து, புது அதிகாரி முத்திரை குத்திய நிமிடத்தில், ஆறு தனக்குக் குறித்திருந்த இடத்துக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. அரசாங்கக் காகிதத்துக்கு அந்த ஊரில் அவ்வளவு மரியாதை கொடுத்தது அந்த ஆறு ஒன்றுதான்.

அக்கா அவரைவிடப் பன்னிரண்டு வயது பெரியவர். அம்மா போனபின் தம்பியைத் தூக்கி வளர்த்தவர். பள்ளிச் சீருடை தைத்துத் தைத்தே தம்பியை சர்வேயர் ஆக்கினார். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "இவன் ஒரு நிலைக்கு வரட்டும்" என்றார். இவர் நிலைக்கு வந்தபோது பேச்சு வருவது நின்றிருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை அக்கா தையல் மிஷினின் தலைப்பாகத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே வந்து திரும்பிப் பார்த்தார். தண்ணீர் ஜன்னலைத் தாண்டியிருந்தது. அக்கரை மேட்டில் இருந்த அச்சகத்தின் மாடியில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, மறுநாளே பாக்கிச் சீருடைகளைத் தைத்துக் கொடுத்தார்.

வியாழக்கிழமை சர்வேயர் சங்கிலியை ஆணிகளுக்கு நடுவே நீட்டிப் பார்த்தார். ஓர் அடி துண்டு விழுந்தது. விஷயம் அவருக்கு அப்போதே விளங்கிவிட்டது. திருத்துவதும் கடினமில்லை. ஒரு சுரண்டு கத்தி, ஒரு பேனா, ஒரு முத்திரை. கோடு பழைய இடத்துக்கு வந்தால் ஆறும் வரும். திங்கட்கிழமை திருத்திவிடுவது, திருத்தியபின் அக்காவிடம் போய் நடந்ததைச் சொல்வது, இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பது என்று முடிவு செய்துகொண்டார். இந்த வரிசையை மட்டும் அவர் மாற்றிப் போட்டிருந்தால் இந்தக் கதையை இங்கேயே முடித்துவிடலாம்.

சனிக்கிழமை, ஆறு விட்டுப்போன நிலத்தில் குடை ரிப்பேர்க்காரர் ஒருவர் தார்ப்பாய் கட்டிக் குடியேறினார். அந்த நிலம் எந்தப் பதிவேட்டிலும் இல்லாததால் அவரை எழுந்து போ என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. சர்வேயர் ஓடினார். தார்ப்பாய்க்குள் பிறந்து மூன்று நாளான குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"எப்ப காலி பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"மழை முடிஞ்சதும் போயிடறோம் சார். மழையில போனா எங்க தொழில் என்னாகும்?"

மழை முடிந்தபோது அங்கே பதினொரு தார்ப்பாய்கள் இருந்தன. ஒரு சலவைக்காரர், ஒரு பெட்டிக்கடை, சண்டை போட்டுப் பிரிந்து அடுத்தடுத்துக் குடிசை போட்ட அண்ணன் தம்பி இருவர். இவர்கள் போனதும் திருத்தலாம் என்று சர்வேயர் வரைபடத்தை மேஜை இழுப்பறையிலேயே வைத்திருந்தார். போகவில்லை. அடுத்த வருடம் மண்சுவர் வந்தது, அதற்கடுத்து செங்கல் வந்தது, ஐந்தாம் வருடம் மின்கம்பம் வந்தது. நாற்பத்திரண்டு அடி அகலமும் ஒன்றரை மைல் நீளமுமாக அந்தக் குடியிருப்பு வளர்ந்தது. அகலமாக வளர வழியில்லாததால் எல்லாமே நீளமாக வளர்ந்தன. பள்ளிக்கூடத்தில் வகுப்புகள் ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன. ஐந்தாம் வகுப்புக்குப் போக வேண்டிய வாத்தியார் மற்ற நான்கு வகுப்புகளின் வழியாகத்தான் போக வேண்டும். பஸ் வந்தது, திரும்ப இடமில்லாமல் வந்த வழியே பின்னோக்கிப் போனது. அந்தத் தடத்து ஓட்டுநர்களுக்குக் கழுத்து ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது. அங்கே பிறந்த குழந்தைகளுக்கு யாரும் நீச்சல் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. துணி அலமாரியைத் திறந்தால் எப்போதாவது ஒரு கெண்டை மீன் கிடக்கும். எடுத்து ஆற்றில் விட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

ஒவ்வொரு வருடமும் சர்வேயர் கரையை ஒருமுறை நடந்து, கதவுகளை எண்ணிவிட்டு வருவார். நாற்பது கதவு இருந்தபோது, நாற்பதுதானே, எல்லோருக்கும் வேறு இடம் பார்த்துக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தார். நானூறு ஆனபோது, நாற்பதாக இருந்தபோதே செய்திருக்கலாமே என்று நினைத்தார். அக்காவைப் பார்க்கப் போவதும் இந்தக் கணக்கோடு சேர்ந்து தள்ளிப்போயிற்று. கையில் நல்ல செய்தி இல்லாமல் எந்த முகத்தோடு போவது? வருடா வருடம் படகுக்காரரிடம் ஒரு புடவை கொடுத்தனுப்பினார். அக்கா பதிலுக்கு ஒரு சட்டை தைத்து அனுப்பினார். அளவெடுக்காமலே சட்டை சரியாக இருந்தது. வயிறு வைத்த வருடம் சட்டையும் இரண்டு விரல் பெரிதாக வந்தது.

இதற்கிடையில் அவருக்குக் கல்யாணமாயிற்று. அலுவலகம் ஊழியர்களுக்கு மனை ஒதுக்கியது. எங்கே? அந்தக் கரையில்தான். வேண்டாம் என்று சொல்ல அவரால் காரணம் சொல்ல முடியவில்லை. ஆற்றைப் பார்த்த வீடு என்று மனைவி மகிழ்ந்துபோனார். முப்பதுக்கு இருபத்திரண்டு அடியில் வீடு எழுந்தது. கோடையில் தண்ணீர் இறங்கும்போது, எதிர்க்கரை ஓரத்தில் அக்கா வீட்டுக் கூரையின் முகடு கறுப்பாகத் தெரியும்.

"பாவம் அண்ணி. இந்த ஆத்துக்கு ஏன்தான் அப்படி ஒரு புத்தி வந்துச்சோ?" என்பார் மனைவி.

சர்வேயர் காபியைக் குடிப்பார்.

அக்கா அந்த வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு தடவை. புதுமனைக்குள் வந்து, ஒவ்வொரு அறையாகப் பார்த்து, ஜன்னல் ஓரம் கொஞ்ச நேரம் நின்றார். "நல்ல காத்தோட்டம்டா," என்றார். சாப்பிட்டுவிட்டுப் படகேறிவிட்டார். அந்த ஒரு வார்த்தையைச் சர்வேயர் இருபது வருடம் மென்றுகொண்டிருந்தார்.

ஐம்பத்தெட்டு வயது முடிய ஒரு மாதம் இருந்தபோது, பழைய வரைபடங்களையெல்லாம் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. அங்கே போய்விட்டால் எந்தக் கையும் அந்தக் கோட்டின் மேல் படாது. சர்வேயர் அந்த வருடக் கதவுக் கணக்கை எடுத்துக்கொண்டு, ஒரு ஞாயிறு காலை படகேறி அச்சகத்து மாடிக்குப் போனார். எழுபது வயதில் அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார், கண்ணாடி இல்லாமல்.

"என்னடா அதிசயமா இருக்கு, படகு வழி தவறி வந்துடுச்சா?"

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"உட்காந்து சொல்லு. ஓடி வந்த நாய் மாதிரி இரைக்குது உனக்கு."

சொன்னார். சங்கிலி, கண்ணி, நாற்காலி, போட்டோ, தார்ப்பாய், எல்லாவற்றையும் முப்பத்திரண்டு வருடம் தாமதமாகச் சொன்னார். அக்கா நூலைக் கோத்து முடித்து, முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்தார்.

"தெரியும்டா."

"தெரியுமா?"

"தண்ணி வாசப்படியில வந்து நின்னப்பவே தெரியும், இது உன் கைவேலைன்னு. சிலேட்டுல கோடு போட்டாலே உனக்குக் கோணிக்கிட்டுப் போகும். என்னிக்காவது வந்து சொல்லுவேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

"ஏன் நீ கேக்கல?"

"நான் ஏன் கேக்கணும்? அக்கா வந்து கேட்டாதான் தம்பி சொல்லுவானா?" என்று துணியை மடித்து வைத்தார். பிறகு, "அன்னிக்கு எத்தனை பேரு இருந்தாங்க அங்க?" என்று கேட்டார்.

"ஒரே ஒரு குடைக்காரர். பொண்டாட்டி, பச்சப்புள்ள."

"அடப்பாவி. மூணு பேருதானா? எங்கிட்ட வந்து சொல்லியிருந்தா நானே அவங்கள நம்ம வீட்டுல வெச்சுக்கிட்டிருப்பேனே. பின்னறை சும்மாதானடா கெடந்துச்சு."

இந்த எண்ணம் முப்பத்திரண்டு வருடத்தில் ஒருநாள்கூட அவர் தலைக்குள் எட்டிப் பார்த்ததில்லை. கீழே அச்சு இயந்திரம் ஓடி நின்றது.

"இப்ப எத்தனை வீடு?" என்றார் அக்கா.

"ஆயிரத்து நூத்திப் பத்து. ரெண்டு பள்ளிக்கூடம். ஒரு ஆஸ்பத்திரி."

"அப்ப அந்தக் கோட்டத் தொடாத. தொட்டே, உன் கைய ஒடிச்சிடுவேன்."

கோட்டை அவர் தொட்டார். ஆனால் தனக்குப் பாத்தியமான அளவுக்கு மட்டும். மறுநாள் காலை மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏங்க, கட்டின நாள்ல இருந்து அண்ணி வீட்ட முழுகடிச்ச எடத்துல உக்காந்தா காபி குடிச்சோம்?"

"ஆமா."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்," என்று எழுந்து போய் அலமாரியைக் காலி செய்யத் தொடங்கினார். சிறிது நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது: "கேஸ் சிலிண்டரை முதல்ல தூக்குங்க. அப்புறம் அழலாம்."

புதன்கிழமை சர்வேயர் வரைபடத்தில் தன் மனையை, முப்பதுக்கு இருபத்திரண்டை, கத்தியால் சுரண்டி ஆறாக்கினார். அக்கரை ஓரத்தில் அதே அளவு ஆற்றைச் சுரண்டித் தரையாக்கினார். அளவு ஒன்றாக இருந்ததால் ஆறு ஆட்சேபிக்கவில்லை. இளைய அதிகாரி செல்போனைப் பார்த்தபடியே முத்திரை குத்தினார். கரையில் தண்ணீர் படியேறி, ஆள் இல்லாத கூடத்துக்குள் விருந்தாளி மாதிரி தயங்கித் தயங்கி நுழைந்து, சமையலறை வரை போய் நிறைந்தது. பக்கத்து வீடுகளில் ஒரு துளி ஏறவில்லை. எதிர்க்கரையில் ஆறு மூன்று பக்கம் சுவர்போல் ஒதுங்கி நிற்க, நடுவில் அக்கா வீடு சொட்டச் சொட்ட வெளியே நின்றது. தலைமை அலுவலகத்து வண்டி அன்று மாலையே வரைபடத்தை ஏற்றிக்கொண்டு போனது.

மூன்று பேரும் அக்கா வீட்டில் குடியேறப் பதினேழு நாள் சேறு அள்ளினார்கள். பின்னறையைத் திறந்தபோது அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். அகலமான அறை. ஒரு தொட்டில் கட்டலாம். குடைகளை மாட்ட ஆணி அடிக்கலாம். அந்த அறையைச் சுத்தம் செய்த சர்வேயர் மற்ற அறைகளைவிட அதற்கு இரண்டு நாள் கூடுதலாக எடுத்துக்கொண்டார்.

வீடு காயவில்லை. ஒரு கோடை, இரண்டு கோடை பார்த்தார்கள். சுண்ணாம்பு அடித்தார்கள், கரி மூட்டம் போட்டார்கள். முப்பத்திரண்டு வருடத்து ஈரம் சுவரைவிட்டுப் போக மறுத்தது. சர்வேயர் தினமும் காலையில் எழுந்ததும் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். "காயுதாடா?" என்பார் அக்கா. "இன்னும் இல்லக்கா," என்பார். "சரி, கை கழுவிட்டு வா," என்பார் அக்கா. அங்கே தைத்த துணியும் காயவில்லை. எந்த வெயிலில் உலர்த்தினாலும் தையலின் ஓரத்தில் தண்ணீர் நின்றது. ஆனால் அக்கரையிலும் இக்கரையிலும் அக்காவின் தையலைப்போல வேறு தையல் இல்லை. ஆகவே வாடிக்கையாளர்கள் குறையவில்லை. வாசலில் நின்று சட்டையை நன்றாக ஒருமுறை பிழிந்து, உதறி, போட்டுக்கொண்டு போனார்கள்.