பெரிய சனிக்கிழமையும் ஒரு சவுண்ட் கார்டும்

பெரிய சனிக்கிழமை மத்தியானம் இரண்டு நாள் கழித்துத் திறந்து பார்த்தால், என் கணினி ஊமையாகியிருந்தது. வீட்டில் ஏற்கெனவே ஓர் ஊமை உட்கார்ந்திருந்தது. அது என் கணவர் நெஸ்டர். போன வருஷம் ஏரிக்கரை வளைவில் அவர் சவாரி ஓட்டும் டிரைசிக்கிள் தலைகுப்புறக் கவிழ்ந்தும் உயிர் பிழைத்ததற்காக, பெரிய வெள்ளி காலையிலிருந்து, சனிக்கிழமை சாயங்காலம் ஈஸ்டர் பூசையில் குளோரியா மணி அடிக்கும்வரை வாயே திறப்பதில்லை என்று நேர்த்திக்கடன் எடுத்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு இப்படி ஒரு நிம்மதி கிடைத்ததில்லை. கணினியும் அவரோடு கூட்டுச் சேரும் என்று நான் நினைக்கவில்லை.

மூன்று மணிக்கு எனக்குக் குரல் தேர்வு. சொகுசுக் கப்பலில் பாட ஆள் எடுக்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்து டெல்லா என்ற ஏஜென்ட் அம்மாள் கணினியில் வந்து பார்ப்பாள், கேட்பாள். நாற்பது முடிந்தவர்களை எடுப்பதில்லை. எனக்கு அடுத்த மாதம் நாற்பது. கல்யாணம், ஞானஸ்நானம், கடைத் திறப்பு, சாவு வீடு என்று இந்த ஏரியைச் சுற்றி நான் பாடாத பந்தல் கிடையாது. "மரிவிக் பாடினா செத்தவங்களே எழுந்து உக்காருவாங்க" என்பார்கள். அப்புறம் கையில் ஒரு பொட்டலம் சோற்றைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஒரே ஒரு தடவை நிஜமான மேடை, பின்னால் நிஜமான பேண்ட் வாத்தியம் வேண்டும் என்று எனக்கு வெறி. ஆமாம், வெறிதான்.

ஊரில் வேறு வழியும் இல்லை. அந்தக் காலத்துக் கைபேசியில் பேசலாம், குறுஞ்செய்தி அனுப்பலாம், அவ்வளவுதான். இன்டர்நெட் கடைகளை எல்லாம் பெரிய வியாழனே பூட்டிவிட்டார்கள். பாதிரியார் திறக்கச் சொன்னாலும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் திறக்க மாட்டார்கள். டெல்லா அம்மாளுக்கோ பெரிய சனியும் ஒன்று, சின்னச் சனியும் ஒன்று.

முதலில் ஸ்பீக்கரைச் சந்தேகப்பட்டேன். அதை ரேடியோவில் மாட்டிப் பார்த்தால் நன்றாகவே இரைந்தது. சுவிட்சை அணைத்துப் போட்டேன். கணினியை நிறுத்தித் திரும்ப எழுப்பினேன். எப்போதும் எழும்போது ஒரு சின்னப் பாட்டுப் பாடும், இப்போது மூச்சுகூட விடவில்லை. திரையின் மூலையில் இருக்க வேண்டிய ஸ்பீக்கர் படத்தையும் காணோம். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்தேன். கீபோர்டு இருக்கிறது, மவுஸ் இருக்கிறது. சத்தம் என்ற பேரில் ஒன்றுமே இல்லை. டிரைவர் சிடியைப் போட்டால், "கருவி கிடைக்கவில்லை" என்று சொல்லி அதைத் துப்பியது.

இத்தனைக்கும் நெஸ்டர் என் தோளுக்குப் பின்னாலேயே நின்றார். நான் திரும்பும்போதெல்லாம் உதட்டைக் குவித்து மூலைப் பீடத்தின் பக்கம் நீட்டினார். எங்கள் ஊரில் யாரும் விரல் நீட்டி இடம் காட்ட மாட்டோம், உதடு போதும். பீடத்தில் மாதா, சிலுவை, புனிதர்கள் எல்லோரும், ஈஸ்டர்வரை மூடி வைக்கும் ஊதாத் துணிக்குள் இருந்தார்கள்.

"வேண்டிக்கச் சொல்றீங்களா? வேண்டிக்கிட்டேன். மாதாவும் மூஞ்சிய மூடிக்கிட்டாங்க" என்றேன்.

அவர் தலையில் அடித்துக்கொண்டு அதே பக்கம் இன்னும் பலமாக உதட்டை நீட்டினார்.

"சும்மா கொஞ்சாதீங்க. பெட்டியத் திறக்கணும், திருப்புளி எங்க?"

அதைக் கேட்டதும் மனிதர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். கணினிப் பெட்டிக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். நான் அவரை இடுப்பால் ஓர் இடி இடித்துவிட்டுப் பக்கத்துத் தகட்டைக் கழற்றினேன்.

மதர்போர்டோடு வந்த சத்தம் என்றோ ஓர் இடி மழையில் போய்விட்டது. அதற்குப் பதில்தான் மணிலாவில் தேடிப் பிடித்த சவுண்ட் கார்டு. அது இருக்க வேண்டிய இடம் காலி. பல் பிடுங்கின ஈறு மாதிரி இருந்தது. அதைப் பிடித்திருந்த திருகாணி மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் மடித்துப் பெட்டியின் அடியில் பத்திரமாக இருந்தது. திருடன் திருகாணியை மடித்து வைத்துவிட்டுப் போக மாட்டான். அந்தப் பழக்கம் இந்த வீட்டில் ஒருத்தருக்குத்தான் உண்டு.

"நெஸ்டர்."

அவர் கூரையைப் பார்த்தார்.

"நேர்த்திக்கடன் வாய்க்குத்தானே, தலைக்கு இல்லையே? கழட்டினது நீங்கதானான்னு தலைய ஆட்டிச் சொல்லுங்க."

ஆட்டினார். பிறகு உதடு அடுப்பங்கரைப் பக்கம் போனது. அங்கே தேங்காய்ப்பாலில் அரிசி உருண்டை கிண்டிக்கொண்டிருந்தவள் சோலா அத்தை. நெஸ்டரை வளர்த்தவள். நாங்கள் அவள் வீட்டில் இருக்கிறோமா, அவள் எங்கள் வீட்டில் இருக்கிறாளா என்பது இதுவரை முடிவாகாத விஷயம்.

"அத்தே, என் சவுண்ட் கார்டு எங்க?"

அவள் அகப்பையோடு வந்து நின்றாள். கொஞ்சம்கூட அசரவில்லை.

"பீடத்துல இருக்கு. மணியோட."

"மணியோடயா?"

"வியாழக்கிழமை கோவில்ல மணிய நிறுத்திட்டாங்க இல்ல? நானும் பீடத்து மணி நாக்கைத் துணியால கட்டிட்டேன். இந்த வீட்ல மணிய விடச் சத்தம் போடுறது எது? உன் பெட்டிதான். அதோட நாக்கையும் எடுத்து வைடான்னு அவன்கிட்ட சொன்னேன். குளோரியா மணி அடிச்சதும் ரெண்டையும் அவிழ்ப்பேன்."

"சத்தத்தக் குறைச்சு வச்சாப் போதாதா?"

"போன வருஷமும் குறைச்சுதான் வச்ச."

அது நிஜம்தான். ஒவ்வொரு வருஷமும் பரிசுத்த வாரத்தில் எங்கள் வீட்டில் பாசியோன் பாடுவோம். ஆண்டவரின் பாடுகளை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, தெருவே கூடி, இரண்டு பக்கமாகப் பிரிந்து, இந்தப் பக்கம் ஒரு பத்தி, அந்தப் பக்கம் ஒரு பத்தி என்று விடாமல் பாடுவது. போன வருஷம் மைக்கை என் கணினியில்தான் மாட்டியிருந்தோம். அதில் பாட்டுக்கு மதிப்பெண் போடும் வீடியோகே ஓடிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஆண்டவர் சிலுவையில் உயிர் விடுகிற பத்தியை சோலா அத்தை உருக்கமாக முடித்தாள். எல்லோரும் கண்ணைத் துடைத்தோம். உடனே எக்காளம் முழங்கி, "தொண்ணூற்றெட்டு, அருமை, அருமை" என்று மதிப்பெண் அறிவித்தது ஸ்பீக்கர். அத்தை மூன்று வாரம் கடைத்தெருப் பக்கமே போகவில்லை.

"மூணு மணிக்கு அந்த அம்மா வருவாங்க அத்தே. இன்னிக்கு விட்டா எனக்குக் கப்பலே கிடையாது. கப்பலுக்கு வயசு பாக்குறாங்க."

"குளோரியாவுக்கு முன்னால இந்த வீட்ல ஆட்டம் பாட்டம் கிடையாது. பாசியோன் மட்டும்தான். என் அம்மா காலத்துலேர்ந்து அப்படித்தான்." அகப்பையைப் பார்த்துச் சொன்னாள். "போறவ போயிடுவ. அடுத்த வருஷம் என் எதிர்ப்பக்கம் யாரு பாடுவா?"

நான் எதிர்த்துச் சண்டை போடத் தயாராக இருந்தேன். இந்த ஒரு கேள்வி என் சண்டையைப் பிடுங்கிக்கொண்டது. வருஷா வருஷம் அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அழுதால் தேர்வில் பாட முடியாது என்பதும் உடனே ஞாபகம் வந்தது.

"பாசியோன்னா பாடலாமா?"

"பாடலாம்."

"சத்தியமா?"

"பீடத்துக்கு முன்னாடி நின்னு பொய் சொல்லுவேனா?"

"அப்ப நாக்கைக் கொடுங்க. அந்த அம்மாவுக்கு நான் பாசியோன்தான் பாடப்போறேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். சொன்ன சொல்லை இனி விழுங்க முடியாது. ஊதாத் துணியைத் தூக்கி, கட்டிய மணிக்குப் பக்கத்திலிருந்து கார்டை எடுத்து என் கையில் வைத்தாள்.

கார்டைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு நாளாகப் பீடத்து மெழுகுவர்த்தி அதன் மேல் உருகி வடிந்திருந்தது. மதர்போர்டில் போய்ப் பொருந்த வேண்டிய தங்கப் பற்கள் பாதி மெழுகில் புதைந்திருந்தன. அப்படியே சொருகிப் பார்த்தேன். கணினி அதைச் சட்டை செய்யவில்லை.

"கப்பல் போச்சு. ஆளுக்கொரு மெழுகுவர்த்தி ஏத்தி நல்லா வேண்டிக்குங்க ரெண்டு பேரும்" என்று கத்தினேன். நெஸ்டர் காதைப் பொத்திக்கொண்டார்.

கத்தி முடித்ததும் புத்தி வந்தது. மெழுகை நகத்தால் சுரண்டினேன். பற்களின் மேல் நகம் போடப் பயந்து, பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்ல மெல்லத் தேய்த்தேன். கறுப்பும் மெழுகும் உருண்டு உருண்டு வந்தன. அடியிலிருந்து தங்கம் மின்னியது. ரப்பர் தூளை ஊதி, கார்டை நேராக வைத்து, அது அடியில் உட்காரும்வரை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினேன். நெஸ்டர் காகிதத்தைப் பிரித்துத் திருகாணியைப் பவ்யமாக நீட்டினார்.

கணினி எழுந்தது. எழுந்ததும் தன் சின்னப் பாட்டைப் பாடியது. மூலையில் ஸ்பீக்கர் படம் வந்து உட்கார்ந்தது. எனக்கு அப்படியே அதைத் தூக்கிக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆனால் மைக்கில் பேசினால் பச்சைக் கோடு அசையவில்லை. "ஹலோ, ஹலோ" என்று தொண்டை தேயக் கத்தினேன். செட்டிங்கில் மைக் அணைந்திருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. மணி மூன்றாகப் போகிறது. நெஸ்டர் தரையில் மண்டியிட்டுப் பெட்டிக்குப் பின்னால் தலையை விட்டு, உதட்டை ஒரே இடத்துக்கு நீட்டிக்கொண்டே இருந்தார். இந்த முறை நான் கேலி பேசவில்லை. குனிந்து பார்த்தேன். அவசரத்தில் மைக்கை நீல ஓட்டையில் சொருகியிருந்தேன். உதடு காட்டியது பிங்க் ஓட்டையை. மாற்றிச் சொருகியதும் பச்சைக் கோடு துள்ளிக் குதித்தது.

டெல்லா அம்மாள் திரையில் வந்தபோது நான் வியர்த்து ஒழுகிக்கொண்டிருந்தேன். நகத்திலெல்லாம் மெழுகு.

"என்ன பாடப் போற?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். சிரிப்பில்லாத முகம்.

"இன்னிக்கு எங்க ஊர்ல ஒரே பாட்டுதான் பாடுவோம் மேடம். அதையே பாடுறேன்."

அத்தை பீடத்துக்குப் பக்கத்தில் அகப்பையோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பாசியோன் மட்டும்தான் என்று அவள் சொல்லியிருந்தாள். எந்த மெட்டில் என்று சொல்லவில்லை. சின்னப் பசங்கள் அதை எல்லா மெட்டிலும் பாடுவார்கள், பெரியவர்கள் திட்டுவார்கள், அதுவும் ஒரு வழக்கம்தான். நான் பின்னணி இசையைத் தட்டிவிட்டேன். கப்பலில் ஜோடி ஜோடியாக ஆடுவதற்கென்றே செய்த சா-சா-சா தாளம். அதன் மேல், மகனைத் தேடி மாதா தெருவில் ஓடுகிற பத்தியை எடுத்தேன்.

இத்தனை வருஷம் தேக்கி வைத்ததையெல்லாம் அதில் கொட்டினேன். காலுக்கு ஆட்டம், கண்ணுக்கு அழுகை. அப்படி ஒரு பாட்டை நானே அதுவரை கேட்டதில்லை. கடைசி வரியை இழுத்து நிறுத்தினேன். தாளம் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் உறைத்தது. அடுத்த பத்தி எதிர்ப்பக்கத்தினுடையது. எதிர்ப்பக்கம் இங்கே யார் இருக்கிறார்கள்? நெஸ்டருக்கு வாயில்லை. நானே தொடரலாம் என்று மூச்சு இழுத்தேன்.

எனக்குப் பின்னாலிருந்து சோலா அத்தை பாடினாள். ஒரு பத்தி பாடி முடிந்தால் பதில் பத்தி வந்தாக வேண்டும், அவளால் அதை அந்தரத்தில் விட முடியாது. கோபமாகத்தான் ஆரம்பித்தாள். இரண்டாவது வரியில் தாளம் அவளைப் பிடித்துக்கொண்டது. நாலாவது வரியில் அகப்பை ஆடியது. அவள் முடிக்க, நான் எடுக்க, நான் முடிக்க, அவள் எடுக்க, மாதா கல்லறைவரை சா-சா-சாவிலேயே போய்ச் சேர்ந்தாள்.

டெல்லா அம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கைதட்டினாள்.

"திங்கட்கிழமை பாஸ்போர்ட் நகல் அனுப்பு. உன்ன எடுத்தாச்சு" என்றாள். "பின்னால பாடுறவங்க யாரு? அவங்களும் வருவாங்களா?"

நான் அத்தைக்கு எடுத்துச் சொன்னேன். அவள் அகப்பையைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

"அந்தக் கப்பல்ல பெரிய வியாழனுக்கு மணிய நிறுத்துவாங்களான்னு கேளு. நிறுத்தாத எடத்துக்கு நான் வர்றதில்ல."

திரை அணைந்ததும் அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவளும் அழுதாள். ஆனால் தேங்காய்ப்பால் அடிப்பிடித்ததற்காக அழுகிறேன் என்று சாதித்தாள்.

சாயங்காலம் கோவிலில் குளோரியா மணி அடித்தது. அத்தை ஊதாத் துணிகளை உருவி எறிந்து, பீடத்து மணியை அவிழ்த்துக் கை வலிக்க ஆட்டினாள். நெஸ்டர் தொண்டையைக் கனைத்தார். இரண்டு நாளாகச் சேர்த்து வைத்த முதல் வார்த்தைக்காக நாங்கள் இருவரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

"எத்தனை தடவைடி சொல்றது, பிங்க் ஓட்டைன்னு?" என்றார்.

அத்தை மணியைக் கீழே வைத்துவிட்டு என் நாற்காலியைக் கணினி முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீ வாய மூடுடா. மரிவிக், அந்தத் தாளத்தத் திரும்பப் போடு. அடுத்த வருஷம் நீ கப்பல்லேர்ந்து இதுல வந்துதான் உன் பக்கத்தப் பாடணும். எது எந்த ஓட்டைல போகும்னு இப்பவே எனக்குச் சொல்லிக் குடு."