ஹெக்டர் சொன்ன சவாரி

தொண்ணூற்றோராம் ஆண்டு, காணாமற்போனவர்களைத் தேடித்தர ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம் வாழைச்சேனைக்கு வந்தது. அதன் அதிகாரி ஐலீன் இங்கிலாந்துக்காரி. அவளுக்கு மொழிபெயர்க்க ஹெக்டரைப் பிடித்தார்கள். மிஷன் பள்ளியில் படித்து, தபால் கந்தோரில் இருந்து இளைப்பாறியவர். மரபுத்தொடர் கலக்காத ஆங்கிலம் அவருக்கு உப்பில்லாத கறி.

அன்றைக்கு வந்தவள் சீதேவிப்பிள்ளை. அவள் புருசன் கோணாமலை, மீன்பிடிகாரன்.

"தோணிக்குப் போக வெளிக்கிட்டவர், சேர். சந்தியில வச்சு வாகனத்தில ஏத்திக்கொண்டு போயிட்டாங்க. இண்டைவரைக்கும் ஒரு சேதியுமில்ல."

ஹெக்டர் தொண்டையைச் செருமினார். "தே டுக் ஹிம் ஃபோ எ ரைட்" என்றார். ரைட் என்றால் சவாரி. வாகனத்தில் ஏற்றிப் போனதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான தொடர் கிடைக்காது என்று நினைத்தார்.

எழுதிக்கொண்டிருந்த ஐலீன் நிமிர்ந்தாள். "என்ன சொல்லி ஏமாற்றினார்கள்?"

அவர் அதை அப்படியே தமிழில் கேட்க, சீதேவிப்பிள்ளைக்குச் சினம் வந்துவிட்டது. "ஆரும் ஏமாத்தல்ல. கையைக் கட்டி ஏத்தினவங்க! நான் இவ்வளவு நேரமும் என்னத்தைச் சொன்னன்?"

ஹெக்டருக்கு முகம் கறுத்தது. இம்முறை சந்தி, வாகனம், கட்டிய கை என்று ஒவ்வொன்றாக, வெறும் ஆங்கிலத்தில் சொன்னார்.

ஐலீன் பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாக விளக்கினாள். அந்தத் தொடருக்கு இன்றைக்கு ஏமாற்றுவது என்றுதான் அர்த்தம். முன்னொரு காலத்தில் அமெரிக்கப் பட்டணங்களில் சண்டியர் கூட்டங்கள் வேண்டாதவனைக் காரில் ஏற்றிப் போவார்கள். சவாரி என்று பேர். போனவன் வீடு திரும்புவதில்லை. நாளாக நாளாகச் சொல் தேய்ந்து வெறும் ஏமாற்றாகிவிட்டது.

"அந்தம்மா என்ன சொல்றாங்க சேர்?"

ஹெக்டரின் நாக்கு நுனிவரைக்கும் ஒரு பொய் வந்தது. கேட்டுக்கொண்டிருப்பவளைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டு, உள்ளதைச் சொன்னார்.

"அங்கயும் இப்பிடித்தானா?" என்றாள் சீதேவிப்பிள்ளை. "போனவங்களில ஒருத்தராவது திரும்பி வரல்லையாமா?"

கேள்வி ஆங்கிலமாகிப் போய், பதில் தமிழாகி வந்தது. "அதெல்லாம் தனக்குத் தெரியாதாம். உங்கட மனிசனைத் தேடுறன் எண்டு மட்டும் சொல்றா."

சித்திரை வருசப்பிறப்புக் கழிந்தபிறகு ஐலீனின் வாகனம் சீதேவிப்பிள்ளையின் வாசலில் நின்றது. கோணாமலை தெற்கில் ஒரு தடுப்பு முகாமில் இருந்தார். மெலிந்து போயிருந்தார், உயிருக்குப் பயமில்லை. ஐலீன் நேரில் கண்டு பேசியிருந்தாள்.

"வீட்டுக்கு என்ன சொல்ல எண்டு இவ அவரிட்டக் கேட்டவவாம்" என்றார் ஹெக்டர். "அவர் சொன்னவராம், வலையைச் சும்மா போட்டுவைக்க வேணாமாம். எலி வெட்டுமாம். தம்பிக்காரனிட்டக் குடுக்கட்டாம்."

சீதேவிப்பிள்ளை வாசற்படியில் அப்படியே குந்திவிட்டாள்.

"ஓம், அவர்தான்" என்றாள். "பொண்டாட்டி எப்பிடி இருக்கிறாள் எண்டு கேக்காம வலையைக் கேக்கிற மனிசன் வேற ஆர்?"

ஹெக்டர் அதை ஐலீனுக்குச் சொல்லி முடிக்குமுன் சீதேவிப்பிள்ளை அழத் தொடங்கியிருந்தாள்.