மாயாவா அத்தானும் ‘பிறகு’ பொத்தானும்

எங்கள் தீவு ஊரில் பொழுது சாயும்போது சங்கு ஊதினால் அவரவர் வீட்டில் ஜெபத்துக்கு உட்கார்ந்துவிட வேண்டும். மறு சங்கு ஊதும்வரை யாரும் எழுந்து நடமாடக் கூடாது. சங்கும் தெருக்காவலும் என் அக்கா புருஷன் மாயாவாவின் பொறுப்பு. அவிழ்த்துக்கொண்டு ஓடிய என் பன்றியைத் துரத்தி நான் தெருவில் இறங்கியதற்கு, மச்சினன் என்றும் பார்க்காமல் ஒரு பெட்டி டின் மீன் அபராதம் போட்ட மனிதர். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அவர் மகன் பெத்தேலோவுக்கு ஆக்லாந்தில் கல்யாணம். நேரில் போக வழியில்லை, வீடியோவில்தான் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரை அப்டேட் செய்தால்தான் வீடியோ வரும் என்று பையன் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனான். திரையில் ‘இப்போதே’, ‘பிறகு’ என்று கேட்கும்போதெல்லாம் அத்தான் ‘பிறகு’தான் அழுத்துவார். ஊர்ச்சபையில் உட்காரும் தலைவருக்கு ஒரு மெஷின் உத்தரவு போடுவதா என்ற ரோஷம்.

கல்யாணத்தன்று மதியம்தான் வேறு வழியில்லாமல் ‘இப்போதே’யை அழுத்தினார். அது ஆமையாய் ஊர்ந்தது. ‘அணைக்க வேண்டாம்’ என்று திரை கெஞ்சிக்கொண்டிருக்க, அத்தான் போய்ச் சங்கை ஊதிவிட்டு வந்து, அக்காவோடும் கல்யாணம் பார்க்க வந்திருந்த என்னோடும் ஜெபத்துக்கு உட்கார்ந்தார். ஜெபப் பாட்டின் பாதியில் கரண்ட் மீட்டர் கீச்சிட்டது. முன்பணம் கட்டிய கரண்ட் தீரப்போகிறது. மேற்கொண்டு வாங்க எதிர்க் கடைக்குப் போக வேண்டும். நடுவில் தெரு.

அக்கா சினிவா மூடிய கண்ணைத் திறக்கவில்லை. “கரண்ட் போச்சுன்னா கம்ப்யூட்டரும் போச்சு. எம்புள்ள கல்யாணத்த நான் பாக்கலேன்னா, இனிமே நீங்களே சமைச்சுத் தின்னுக்குங்க.”

அத்தான் என்னைப் பார்த்தார்.

“பன்னிக்குப் போனதுக்கே ஒரு பெட்டி மீனு அத்தான். கம்ப்யூட்டருக்கு எத்தனையோ?” என்றேன்.

அவரே எழுந்தார். இடுப்புத் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். எங்கள் வீடுகளுக்குத் தூணும் கூரையும்தான், சுவர் கிடையாது. கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்த ஊர் மொத்தமும் அதைப் பார்த்தது. கடைக்காரி தாலியாவோ ஆமென் சொல்லும்வரை நிமிரவே இல்லை. காவல் தடியோடு அத்தான் கடை வாசலில் நெளிந்துகொண்டு நின்றதைப் பார்த்தபோது என் வயிறு குளிர்ந்தது.

சீட்டோடு வந்து அதிலிருந்த எண்களை மீட்டரில் அழுத்தினார். கீச்சொலி நின்றது. ஒருவழியாகத் திரை விழித்தது. பெத்தேலோ மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றான். அக்கா அழுதாள். அத்தான் அவளைவிட அதிகமாக அழுதார். பொய் சொல்வானேன், நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மோதிரம் மாற்றி முடிந்ததும் பெத்தேலோ திரையை உற்றுப் பார்த்தான். “அப்பா, உங்க பின்னால எல்லா வீட்டுலயும் ஏன் அசையாம உக்காந்திருக்காங்க?”

திரும்பிப் பார்த்தோம். மறு சங்கு ஊதவே இல்லை. அடுப்பில் சோறு ஆறிக்கிடக்க, விளக்கு வெளிச்சத்தில் ஊரே சப்பணமிட்டு எங்கள் வீட்டை முறைத்துக்கொண்டிருந்தது.

அத்தான் பதறிப்போய்க் கேமராவுக்கு முன்னாலேயே சங்கை எடுத்து ஊதினார். ஊரை விட்டுப் போனபின் பெத்தேலோ அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பையன், கல்யாணக் கூட்டத்தின் நடுவில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

அடுத்த சபையில் அத்தான் தனக்குத்தானே பத்துப் பெட்டி மீன் அபராதம் போட்டுக்கொண்டார். ஊருக்குப் பங்கு பிரித்துக் கொடுக்க அவரே வீடு வீடாக வந்தார். அப்படியே என் பன்றி விஷயத்தையும் பேசித் தீர்த்துவிடலாமா என்று கேட்டேன்.

“பிறகு” என்றார்.