இரண்டு பல் குறைத்த ராஜ்தூத்

பேரனுக்கு மண்ணாங்கட்டி என்று பெயர் வைக்கப் போவதாகச் சம்பந்தி சொன்ன அன்று காத்தவராயனுக்குச் சோறு இறங்கவில்லை.

மண்ணாங்கட்டி ஒன்றும் கேவலமான பெயரில்லை. சம்பந்தி தணிகாசலத்தின் அப்பா பெயர் அது. முன்னால் பிறந்ததெல்லாம் தங்காமல் போக, இதாவது தங்கட்டும் என்று எமனுக்குப் போக்குக் காட்ட வைத்த பெயர். மனுஷன் தொண்ணூறு வரைக்கும் தவளக்குப்பத்தில் நெல்லும் கரும்பும் பயிர் செய்துவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தார். ஆனால் காலம் என்று ஒன்று இருக்கிறதே!

"அப்பா, எம்புள்ளைக்கு இனியவன்னு ஆசையா பேரு எடுத்து வச்சிருக்கேன். ஸ்கூல்ல மண்ணாங்கட்டின்னு அட்டெண்டன்ஸ் எடுத்தா அவன் எப்படிப்பா தலை நிமிந்து 'பிரசென்ட்'னு சொல்லுவான்?" என்று மகள் கார்குழலி போனில் அழுதாள். மாப்பிள்ளையோ தன் அப்பாவின் முன்னால் வாய் திறக்காத ஜாதி.

காத்தவராயன் மட்டும் என்ன வாழ்ந்தார்? வேலை பார்த்த ஆலை மூடிய பிறகு ஸ்கூல் வேன் ஓட்டிப் பிழைப்பவர். வேனில் முப்பது வாண்டுகளை ஒரு அதட்டலில் அடக்குவார். சம்பந்தி முன்னால் நின்றால் வேட்டி நுனியைத் தேடுவார். பெண்ணைக் கொடுத்த இடம். ஆனாலும் மகள் அழுகிறாள், என்ன செய்வது? தவளக்குப்பம் போய், நிமிர்ந்து பார்க்காமலே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

தணிகாசலம் கோபப்படவில்லை, சிரித்தார். "காணும் பொங்கல் அன்னிக்கு எங்கூர்ல ஸ்லோ ரேஸ் இருக்குது சம்பந்தி. நீங்க உங்க பழைய ராஜ்தூத் பைக்க எடுத்துட்டு வாங்க, நான் புல்லட்ட எடுக்கறேன். என்னை ஜெயிச்சிட்டா பேரு உங்க இஷ்டம்."

ஸ்லோ ரேஸில் கால் ஊன்றக் கூடாது. கடைசியாகக் கோட்டைத் தாண்டுபவன்தான் ஜெயித்தவன். தணிகாசலத்தின் புல்லட்டை அதில் மூன்று வருஷமாக யாரும் அசைக்க முடியவில்லை.

காத்தவராயன் நேராக மெக்கானிக் சாமிக்கண்ணுவிடம் போனார். "வண்டி நடக்கணும், ஓடக் கூடாது. அதுக்கு என்னா வழி?"

"செயின் மாட்டுற பல்லுச் சக்கரம் இருக்குதுல்ல, ஸ்ப்ராக்கெட்டு, அத முன்னால சின்னதா போட்டுடலாம்ண்ணே. ரெண்டு பல்லு கொறஞ்சா இழுவை ஏறும், வேகம் படுத்துடும். பின்னால பெருசு போட்டாலும் அதே கணக்குதான். ஆனா ரோட்டுல ஓட்டினா மானம் போவும், அதுக்கு நான் பொறுப்பில்ல."

"போவட்டும். ஆனா இது யாருக்கும் தெரியக் கூடாது."

"எங்கம்மா மேல சத்தியம்" என்றான் சாமிக்கண்ணு.

மானம் போகத்தான் செய்தது. டாப் கியர் போட்டு முறுக்கினாலும் ராஜ்தூத் ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தியதே தவிர நகர்கிற வழியாக இல்லை. மீன் கூடை கட்டிய மொபெட் ஒன்று தாண்டிப் போனது. அதை ஓட்டிய அம்மா திரும்பிப் பார்த்து, "தள்ளிவுடணுமா அண்ணே?" என்று கேட்டாள். காத்தவராயனுக்கோ உள்ளுக்குள் குளிர்ந்து போயிற்று.

காணும் பொங்கலன்று திடலில் ஈ புகக்கூட இடமில்லை. எல்லைக்கோட்டில் இரண்டு மூங்கில் நட்டு, நடுவே ஒரு வண்டி நுழையும் அளவுக்கு மட்டும் வழி விட்டிருந்தார்கள். நடுவர், டவுனிலிருந்து வந்த, பிரெஞ்சு சர்க்காரிடம் பென்ஷன் வாங்குகிற பெரியவர். பெத்தாங் என்கிற இரும்புக் குண்டு ஆட்டத்தில் குண்டுக்கும் குண்டுக்கும் நடுவே நூல் பிடித்து அளக்கிற ஆசாமி. ஏமாற்ற முடியாது.

விசில் ஊதியதும் மற்ற பையன்கள் ஒவ்வொருவராகக் காலை ஊன்றிக் கழன்று கொண்டார்கள். மிஞ்சியது சம்பந்திகள் இருவர்தான். காத்தவராயன் ஓரக்கண்ணால் பார்த்தார். போன வருஷத்தைவிட புல்லட் இன்னும் மெதுவாக அல்லவா வருகிறது! அதன் பின்சக்கரத்தில் புத்தம் புதிதாக ஒரு பெரிய ஸ்ப்ராக்கெட் மின்னியது. கூட்டத்தில் சாமிக்கண்ணுவைத் தேடினார். அவன் தென்னை மரத்தில் காய் எண்ணிக் கொண்டிருந்தான். பாவி, அங்கேயும் அம்மா மேல்தான் சத்தியம் செய்திருப்பான்.

இரண்டு வண்டியும் சரிக்குச் சரியாக மூங்கிலை நெருங்கின. ஹேண்டில்பார்கள் உரசாத குறை. வழியோ ஒருவருக்குத்தான். காத்தவராயனுக்கு மகளின் அழுகைதான் காதில் கேட்டது. தோற்றுவிட்டால் அவள் முகத்தில் எப்படி முழிப்பது என்று நினைத்துக்கொண்டே பக்கத்தில் திரும்பினார். சம்பந்தியின் முகம் கண்ணில் பட்டது. அவ்வளவுதான், வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நீங்க முன்ன போங்க சம்பந்தி."

கல்யாண மண்டபத்தில், பந்தியில், கோயில் வாசலில், காது குத்தில், எங்கே பார்த்தாலும் கேட்டுப் பழகிய வார்த்தை. மாப்பிள்ளை வீட்டுக்காரருக்கு அதற்கு ஒரே பதில்தான் தெரியும். தணிகாசலம் பெரிய மனதோடு தலையசைத்தார், ஆக்சிலேட்டரைத் திருகினார், முன்னால் போனார்.

திடலே அதிர்ந்தது. போன பிறகுதான் அவருக்கு உறைத்தது. "மோசம்! சம்பந்தி என்னை ஏமாத்திட்டாரு!" என்று கத்தினார். காத்தவராயன் பின்னாலேயே கோட்டைத் தாண்டி, வண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கையைப் பிடித்தார். "ஐயோ, சத்தியமா பழக்க தோஷம் சம்பந்தி!" நடுவரோ மீசையைத் தடவிக்கொண்டு, "சொன்னது யாரா இருந்தா என்னா முசியே, போனது நீங்கதான?" என்று பிரெஞ்சு மரியாதையோடு முடித்துவிட்டார்.

அடுத்த வாரம் தவளக்குப்பத்தில் பெயர் வைக்கிற விசேஷம். தணிகாசலம் உம்மென்று ஓரமாக நின்றார். அப்பா பெயர் போகிறதே என்ற வருத்தம் அவர் கண்ணிலேயே தெரிந்தது. அதைப் பார்க்கக் காத்தவராயனுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. அவரைத்தான் தொட்டிலருகே முதலில் கூப்பிட்டார்கள். இரண்டடி வைத்தவர் சம்பந்தியைப் பார்த்தார். ஊறின பழக்கம் விடுமா?

"நீங்க முன்ன..."

மனைவி ஜெயம் முழங்கையால் ஓங்கி இடித்தாள். கார்குழலி தலையில் கை வைத்தாள்.

தணிகாசலம் பாம்பை மிதித்தவர் போல் பின்னால் துள்ளினார். "அய்யய்யோ! அந்த வார்த்தைய கேட்டு ஒரு தடவை கெட்டது போதும். இந்த வாட்டி நான் அசைய மாட்டேன். நீங்க போங்க சம்பந்தி. நீங்கதான் முன்ன போவணும்!"

வீடு முழுக்கச் சிரித்தது. காத்தவராயனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பெண்ணைக் கொடுத்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் அவரை முன்னே போகச் சொன்னதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தொட்டிலில் குனிந்து, பேரனின் காதில் இனியவன் என்று பெயரைச் சொன்னார். குரல் எழும்பவே இல்லை.

"கேக்கலப்பா, நல்லா சத்தமா சொல்லுங்க" என்றாள் கார்குழலி.